டேப்பர் லாக் புஷ்ஷில் புல்லி மாட்டுவது: பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோவைப் பக்கம் மில், ரைஸ் மில், கிரஷர் என்று மெயின்டனன்ஸ் வேலைக்குப் போகும் இடமெல்லாம் இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டேப்பர் லாக், டேப்பர் லாக்னு சொல்றாங்களே, அது சாதா புல்லியில இருந்து எப்படி வேற?

சாதா புல்லியில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அளவுக்கே துளை போட்டு, கீ (ஷாஃப்டும் புல்லியும் சேர்ந்து சுற்ற நடுவே வைக்கும் இரும்புத் துண்டு) உட்காரக் காடி வெட்டி, மேலே ஒரு கிரப் ஸ்க்ரூ வைத்து இறுக்கிவிடுவார்கள். துளை லூஸாக இருந்தால் ஆடும், டைட்டாக இருந்தால் அடித்து ஏற்ற வேண்டும். அடித்தால் மோட்டார் பேரிங் போகும். அப்புறம் ஒரு வருஷம் கழித்துக் கழற்றப் போனால் புல்லர் போட்டு இழுத்துப் புல்லியின் ஓரத்தை உடைப்பதுதான் நடக்கும்.

டேப்பர் லாக்கில் புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஒரு புஷ் இருக்கிறது. அதன் வெளிப்புறம் சாய்வு, உள்துளை நேர், ஒரு பக்கம் நீளவாக்கில் பிளவு. ஸ்க்ரூவை இறுக்கும்போது புஷ் சாய்வுக்குள் போகிறது, பிளவு சுருங்குகிறது, ஷாஃப்டைச் சுற்றிலும் கவ்விக்கொள்கிறது. ஆப்பு வேலை செய்வது மாதிரிதான். ஏற்றும்போது லூஸாக இருந்து, இறுக்கியபின் டைட் ஃபிட் ஆகிவிடுவதுதான் இதன் லாபம். வணிகப் பெயராகத் தொடங்கியது, இப்போது எந்தக் கம்பெனி புஷ்ஷையும் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

புஷ் மேல 2517, 1610னு அடிச்சிருக்கே. அது மில்லிமீட்டர் கணக்கா?

இல்லை, அங்குலக் கணக்கு. முதல் இரண்டு எண்கள் அதிகபட்சத் துளை, கடைசி இரண்டு நீளம். 2517 என்றால் துளை சுமார் 2.5 அங்குலம் வரை, நீளம் 1.75 அங்குலம், அதாவது 44.5 மி.மீ. கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு 17 என்று போட்டிருக்கிறார்கள். அதேபோல 2012-ன் நீளம் 1.25 அங்குலம், 3020-க்கு 2 அங்குலம்.

இந்த எண் புஷ்ஷின் உடம்பு அளவுதான். ஷாஃப்ட் அளவு தனியாக அடித்திருக்கும். கடையில் வெறும் "2517 ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் எந்தத் துளை என்று திருப்பிக் கேட்பார்கள். "2517, 48 மி.மீ. துளை" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

மூணு ஓட்டை இருக்கு, ஸ்க்ரூ ரெண்டுதான் வந்திருக்கு. ஒண்ணு தொலைஞ்சிருச்சா?

தொலையவில்லை. மூன்றாவது ஓட்டை கழற்றுவதற்கு. ஒவ்வொரு ஓட்டையும் பாதி புஷ்ஷிலும் பாதி ஹப்பிலும் (புஷ் உட்காரும் புல்லியின் நடுப்பகுதி) இருக்கும். எந்தப் பாதியில் மரை இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மரை ஹப் பக்கம் இருந்தால் அது இறுக்கும் ஓட்டை: ஸ்க்ரூ ஹப்பில் பிடித்துக்கொண்டு, நுனியால் புஷ்ஷை உள்ளே தள்ளும். மரை புஷ் பக்கம் இருந்தால் அது கழற்றும் ஓட்டை: ஸ்க்ரூ புஷ்ஷில் பிடித்துக்கொண்டு, ஹப்பை முட்டிப் புஷ்ஷை வெளியே தள்ளும். 3030 வரையுள்ள சைஸ்களில் இரண்டு ஸ்க்ரூ, அதற்கு மேல் பெரியவற்றில் மூன்று.

ஸ்க்ரூ உண்மையாகவே தொலைந்தால் ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் கிடைக்கும் புஷ்களில் பெரும்பாலும் பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் அங்குல அளவு) மரைதான்: 1610-க்கு 3/8, 2012-க்கு 7/16, 2517-க்கு 1/2, 3020-க்கு 5/8 அங்குலம். பக்கத்துக் கடையில் கிடைத்த எம்10, எம்12 ஸ்க்ரூவை "போகுதே" என்று திருகினால் ஹப்பில் இருக்கும் பாதி மரை உரிந்துவிடும். முழு மரையே அல்ல அது, பாதிதான். அதற்குத் தாங்கும் சக்தி இல்லை.

மாட்டுற முறையை வரிசையா சொல்லுங்க.

முதலில் துடைப்பு. புது புஷ்ஷில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வந்திருக்கும். தின்னர் நனைத்த துணியால் புஷ்ஷின் உள்ளும் புறமும், ஹப்பின் சாய்வுத் துளை, ஷாஃப்ட் எல்லாவற்றையும் துடைத்துக் காய விடுங்கள். பெயின்ட் துளி, பிசிறு, கீவே (கீ உட்காரும் காடி) ஓரத்து மேடு எல்லாம் போக வேண்டும். ஷாஃப்டில் மெல்லிசாகத் துரு இருந்தால் நைஸ் எமரி ஒரு தடவை, அவ்வளவுதான். அதிகம் தேய்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

புஷ்ஷை ஹப்பில் வைத்து ஓட்டைகளைப் பொருத்துங்கள். ஸ்க்ரூ மரையிலும் நுனியிலும் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் லூஸாகத் திருகி வையுங்கள். கீ போடுவதாக இருந்தால் ஷாஃப்டில் முன்பே உட்கார்ந்திருக்க வேண்டும். புல்லியும் புஷ்ஷும் சேர்ந்தபடியே ஷாஃப்டில் ஏற்றி, இடத்துக்குக் கொண்டுவந்து, ஸ்க்ரூக்களை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகக் கூடாது.

இதற்கடுத்த வேலையைத்தான் பத்தில் எட்டுப் பேர் விடுகிறார்கள். புஷ்ஷின் பெரிய முகத்தில் ஒரு பித்தளைக் கட்டையோ பைப் துண்டோ வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். தட்டியபின் திரும்ப இறுக்கிப் பார்த்தால் ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் போகும். சாய்வில் சிக்கி நின்ற புஷ் அந்தத் தட்டில்தான் உண்மையாக உட்காருகிறது. ஸ்க்ரூ மேற்கொண்டு போகாமல் நிற்கும் வரை இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யுங்கள். கடைசியில் காலி ஓட்டையில் கிரீஸ் அடைத்துவிடுங்கள், பஞ்சும் தவிடும் மண்ணும் புகாது. லோடில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, ஸ்க்ரூவை ஒருமுறை சரிபார்த்தால் வேலை முடிந்தது.

கொஞ்சூண்டு கிரீஸ் தடவினா வழுக்கிட்டு ஏறுமே, ஏன் வேணாம்ங்கறீங்க?

வழுக்குவதுதான் பிரச்சினை. முதல் கேள்வியில் ஆப்பு என்றேன். காய்ந்த கட்டையில் ஆப்பு கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். எண்ணெய் தடவினால் அதே அடிக்கு இன்னும் உள்ளே போய்க் கட்டையைப் பிளந்துவிடும். இங்கே கட்டை என்பது வார்ப்பிரும்பு ஹப், அது இழுவிசையைத் தாங்காது.

வேண்டுமானால் கணக்காகவே பார்க்கலாம். சாய்வு பக்கத்துக்கு 4 டிகிரி. காய்ந்த பரப்புக்கு உராய்வு எண் 0.15, எண்ணெய்ப் பரப்புக்கு 0.08 என்று வைத்துக்கொண்டால், ஒரே அளவு இறுக்கத்துக்கு எண்ணெய் தடவிய ஹப்பின் மேல் விழும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கேட்லாக்கில் போட்டிருக்கும் டார்க் (ஸ்க்ரூவை இறுக்கும் முறுக்கு அளவு) காய்ந்த சாய்வுக்குச் சொன்னது. அதே டார்க்கை எண்ணெயோடு கொடுத்தால் ஹப் வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும், ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய் புகுந்தால் பிடிப்பு பாதியாகிவிடும். ஆன்டி சீஸ், லாக்டைட், கிராஃபைட் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

டார்க் ரிஞ்ச் இல்ல. அலன் கீயில பைப் போட்டு இறுக்கினா போதாதா?

தோராயமாக வேண்டிய அளவு இது: 1008, 1108-க்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர், 1210, 1610-க்கு 20, 2012-க்கு 30, 2517-க்கு 50, 3020-க்கு 90. உங்கள் புஷ் கம்பெனியின் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

2517-க்கு 6 மி.மீ. அலன் கீ. அதன் நீளக் கை ஒன்பது, பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும். அதில் 50 வரவேண்டுமானால் 50 கிலோவுக்கு மேல் அமுக்க வேண்டும், யாராலும் முடியாது. ஆகவே வெறும் கீயில் இறுக்கினால் குறைவு. மீட்டர் நீளப் பைப்பை மாட்டினால் 5 கிலோ அமுக்கினாலே 50 வந்துவிடும், ஆனால் நம் ஆட்கள் உடம்பு எடையை முழுசாகப் போடுவார்கள். டார்க் ரிஞ்ச் வாங்கவே முடியாது என்றால், கால் மீட்டர் பைப்பின் நுனியில் 20 கிலோ அளவுக்கு அமுக்குங்கள். ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தால் கைக்கு அந்த அளவு பழகிவிடும். இருந்தாலும் உடைந்த ஒரு புல்லியின் விலையில் டார்க் ரிஞ்ச் வந்துவிடும் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புஷ்ஷே பிடிக்குதுன்னா கீ எதுக்கு?

மெதுவாகக் கிளம்பும் சின்ன ஃபேனுக்குப் புஷ்ஷின் பிடியே போதும். கிரஷர், கம்ப்ரஸர், அடிக்கடி ஆன் ஆஃப் ஆகும் மோட்டார் எல்லாவற்றுக்கும் கீ கண்டிப்பாக வேண்டும். சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள்.

ஆனால் கீயின் மேல்முகம் புஷ்ஷைத் தொடக் கூடாது. பக்கவாட்டில் மட்டும்தான் டைட், மேலே இடைவெளி வேண்டும். டேப்பர் கீ, அடித்து ஏற்றும் கிப் கீ எல்லாம் இதற்கு ஆகாது. மேலே முட்டினால் புஷ் சுற்றிலும் சமமாகச் சுருங்காமல் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். புல்லி ஆடுவதற்கும் ஹப் கீவே இருக்கும் பக்கமாக விரிசல் விடுவதற்கும் இது முக்கியக் காரணம்.

15 எச்பி மோட்டார், 42 மி.மீ. ஷாஃப்ட். 1610 புஷ் 42 துளையில கிடைச்சது, ஆனா மோட்டாரோட வந்த கீ உள்ள போகல. புஷ் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை. 1610-க்கு 42 என்பது விளிம்பு அளவு. அந்த அளவில் புஷ்ஷின் சுவர் மெல்லியதாகிவிடுவதால் கீவேயை ஆழம் குறைத்து வெட்டுகிறார்கள். கேட்லாக்கில் நட்சத்திரக் குறி போட்டிருப்பது இதற்குத்தான். 1108-ல் 28 மி.மீ., 1008-ல் 24, 25 மி.மீ. ஆகியவற்றிலும் இதே கதை.

42 ஷாஃப்டுக்கு வரும் கீ 12 அகலம், 8 உயரம். ஆழம் குறைந்த கீவேக்கு உயரத்தைக் குறைத்து அரைத்த கீ வேண்டும், மேலே இடைவெளியும் விட வேண்டும். கீயை அடித்துத் திணித்தால் முந்தைய பதிலில் சொன்ன விரிசல்தான். என்னைக் கேட்டால், இந்த 15 எச்பி, அதாவது 11 கிலோவாட் மோட்டாருக்கு 2012 புஷ் பொருந்தும் புல்லிக்கு மாறிவிடுவது நிம்மதி.

நூல் பிடிச்சு நேரா வச்சேன், இறுக்கினதும் புல்லி தள்ளிப் போயிருச்சு. ஏன்?

இறுக்கும்போது முதலில் புஷ் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் நகர வேண்டியது ஹப்தான். அது புஷ்ஷின் பெரிய முகத்தை நோக்கி, அதாவது ஸ்க்ரூ தலை இருக்கும் பக்கமாக, கொஞ்சம் இழுபடும். ஆகவே முதலில் ஒரு தடவை முழுசாக இறுக்கி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, கழற்றி, அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வைத்து மறுபடி இறுக்குங்கள்.

வீ பெல்ட்டுக்கு அரை டிகிரிக்கு மேல் கோணல் இருக்கக் கூடாது என்பார்கள், அது மீட்டருக்கு 8, 9 மி.மீ. வரும். அதை எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், இலக்கு என்று வைக்க வேண்டாம்.

புல்லி எட்டு போடுது. புஷ் கோணலா?

புஷ்ஷைக் குற்றம் சொல்லும் முன் ஷாஃப்டில் டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஷாஃப்டே வளைந்திருந்தால் எந்தப் புஷ்ஷும் உதவாது. ஷாஃப்ட் சரி என்றால் மூன்று இடங்களைப் பார்ப்பேன்: கீ மேலே முட்டுகிறதா, ஒரு ஸ்க்ரூ மட்டும் அதிகம் இறுகியிருக்கிறதா, சாய்வுக்குள் பிசிறு அகப்பட்டிருக்கிறதா. இதில் மூன்றாவதுதான் அதிகம். ஒரு மணல் துகள் போதும்.

அமெரிக்க மெஷின்ல வந்த புஷ்ஷுக்கு ஃபிளாஞ்ச் இருக்கு, போல்ட் வேற மாதிரி இருக்கு. நம்ம டேப்பர் லாக் அதுல போகுமா?

போகாது. அது கியூ.டி. புஷ். எஸ்.எச்., எஸ்.கே., இ, எஃப் என்று எழுத்தால் பெயர் இருக்கும். சாய்வு வேறு, போல்ட் வட்டம் வேறு. அதில் இறுக்கி முடித்தபின் ஃபிளாஞ்சுக்கும் ஹப்புக்கும் நடுவே இடைவெளி மிச்சம் இருந்தே ஆக வேண்டும். அதைப் பார்த்து "இன்னும் உட்காரல" என்று மூடும்வரை இறுக்கி ஹப்பை உடைத்தவர்கள் உண்டு. இடைவெளி தானாகவே மூடிக்கொண்டால் ஷாஃப்ட் சிறுத்திருக்கிறது அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

டேப்பர் லாக்கில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே எண் என்றால் ஒரு கம்பெனி புஷ் இன்னொரு கம்பெனி புல்லியில் பொதுவாகப் பொருந்தும்.

கழட்ட வரல. பர்னர் காட்டலாமா?

அவசரப்படாதீர்கள். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி, மூன்றாவது கேள்வியில் சொன்ன கழற்றும் ஓட்டையில் ஒன்றைப் போடுங்கள். போடும் முன் அந்த ஓட்டையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், கிரீஸ் அடைக்காமல் விட்டிருந்தால் உள்ளே கல்லாக இறுகியிருக்கும். மரைக்கு எண்ணெய் விட்டு இறுக்குங்கள். இறுக்கத்தோடு வைத்துக்கொண்டே ஹப்பை, விளிம்பை அல்ல, மரச் சுத்தியலால் சுற்றித் தட்டுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வரும், விட்டுவிட்டது என்று அர்த்தம்.

வரவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெயைப் பிளவில் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள். பர்னர் காட்டினால் பேரிங் கிரீஸ் உருகும், ஆயில் சீல் கருகும், வார்ப்பிரும்பு சமமில்லாமல் சூடேறி விரியும். புல்லர் போட்டு விளிம்பை இழுப்பதும் வேண்டாம். எதுவும் நடக்காத நாளில், புஷ்ஷைத் தியாகம் செய்து பிளவுப் பக்கம் வெட்டி எடுப்பதுதான் மலிவு. எடுத்தபின் ஹப்பின் சாய்வையும் ஷாஃப்டையும் துடைத்து, எண்ணெய் விட்ட தடம் கொஞ்சமும் இல்லாமல் செய்துவிட்டுத்தான் அடுத்த புஷ்.

புல்லிக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல செவப்பா மாவு மாதிரி வருது. பெல்ட் தூளா?

பெல்ட் தூள் கறுப்பாக இருக்கும். செம்பழுப்பு மாவு என்றால் இரும்பும் இரும்பும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசித் துருவாக உதிர்கிறது. பிடி போதவில்லை, புஷ் நழுவத் தொடங்கிவிட்டது. ஸ்க்ரூவை இறுக்கினால் மட்டும் தீராது, ஏனென்றால் அந்த மாவு சாய்வுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்டது. கழற்றித் துடைத்து, முதலிலிருந்து மாட்டுங்கள். சாய்வில் கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தால் புஷ்ஷை மாற்றிவிடுங்கள். ஹப்பில் விழுந்திருந்தால் புல்லியையும்.

ரெண்டு போல் மோட்டாருல 250 மி.மீ. புல்லி போடலாமா? புஷ் தாங்கும்ல?

புஷ் தாங்கும், புல்லி தாங்காது. ரெண்டு போல் மோட்டார் வேகமாகச் சுற்றும் வகை; நிமிடத்துக்கு 2880 சுற்றில் 250 மி.மீ. புல்லியின் விளிம்பு நொடிக்கு 37 மீட்டருக்கு மேல் ஓடும். சாதாரண வார்ப்பிரும்புப் புல்லிக்கு எல்லை சுமார் 33 மீட்டர்தான். விட்டத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அந்த வேகத்துக்கென்று செய்து பேலன்ஸ் பார்த்த புல்லியை வாங்குங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

நீங்க சொன்னபடியே எல்லாம் செஞ்சேன். டார்க்கும் சரி, எண்ணெயும் இல்ல. இருந்தும் மாசத்துக்கு ஒரு தடவை லூஸ் ஆகுது.

ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்தீர்களா? ஒரு ரைஸ் மில் புளோயரில் இதே புகார். மூன்று மாதத்தில் இரண்டு புஷ் மாற்றியாகிவிட்டது. நானும் முதல் நாள் ஸ்க்ரூவைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு புஷ்ஷின் பிளவைப் பார்த்தேன், முழுசாக மூடிக்கொண்டிருந்தது. அங்கேதான் விஷயம். பிளவு மூடிவிட்டால் புஷ் அதற்குமேல் சுருங்க முடியாது. ஸ்க்ரூ இறுகியது போலவே காட்டும், டார்க் ரிஞ்ச் கூட "டிக்" சொல்லும், ஆனால் அந்த இறுக்கமெல்லாம் ஹப்புக்கே போகிறது, ஷாஃப்டுக்குப் போவதில்லை.

48 இருக்க வேண்டிய ஷாஃப்ட் நடுவில் 47.6 இருந்தது. துருவை எடுக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் ஃபிட்டர் எமரி ஓட்டியிருக்கிறார். இடையில் தகரம் சுற்றிப் பார்த்ததற்கும் அடையாளம் இருந்தது. தகரம் உதவாது. ஒரே இடத்தில் தடித்து, புஷ்ஷைக் கோணலாக்கி, கொஞ்ச நாளில் நசுங்கி லூஸாகும். ஷாஃப்டைப் பில்டப் செய்து (தேய்ந்த இடத்தில் உலோகம் ஏற்றி) 48-க்குக் கடைந்து, புது புஷ் போட்டோம். அந்த ஃபிட்டர் இப்போது இறுக்கியதும் முதலில் பிளவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கிறார்.